ரஃப்டு கிரௌஸ் வேட்டைக்கு உங்கள் கைக்கேற்ற ஷாட்கன்னைத் தேர்ந்தெடுப்பது எப்படி: முழுமையான வழிகாட்டி

கிரௌஸ் என்ற காட்டுப் பறவையை வேட்டையாடத் துப்பாக்கி வாங்க நினைப்பவர்கள் முதலில் கேட்பது "12 கேஜா, 20 கேஜா?" என்பதுதான், அதாவது குழலின் விட்டம் எவ்வளவு என்று. அடுத்த கேள்வி, "எந்தக் கம்பெனி?" இந்த இரண்டையும் கொஞ்சம் தள்ளிவையுங்கள். புதியவர்களோடு காட்டில் நடந்தபோது நான் பார்த்த தவறுகளில் பெரும்பாலானவை வரிசை மாறியதால் வந்தவை. உடம்புக்குப் பொருந்தாத துப்பாக்கியை வாங்கிவிட்டு, பிறகு சோக்கையும் (குழல் முனையின் குறுக்கம்) தோட்டாவையும் மாற்றி மாற்றிச் சரிசெய்யப் பார்ப்பார்கள். அது சரியாகாது.

இங்கே சொல்வதெல்லாம் அமெரிக்காவின் வடக்குக் காடுகளில், மிச்சிகன், விஸ்கான்சின், மினசோட்டா, மெய்ன் போன்ற மாநிலங்களில், நடந்து போய்ச் சுடும் ரஃப்டு கிரௌஸ் வேட்டைக்கு. ஸ்காட்லாந்தில் மறைவில் நின்றபடி, விரட்டிவிடப்படும் ரெட் கிரௌஸைச் சுடுவது வேறு கணக்கு. திறந்த புல்வெளியில் ஷார்ப்டெயில் என்ற இன்னொரு கிரௌஸ் வகையின் வேட்டையும் வேறு கணக்கு. அங்கெல்லாம் கீழே உள்ள எண்கள் செல்லாது.

தொடங்கும் முன் கையில் இருக்க வேண்டியவை

வேட்டைப் பாதுகாப்புப் பயிற்சிச் சான்றிதழை முதலில் வாங்குங்கள். அது இல்லாமல் பலருக்கு வேட்டை உரிமமே கிடைக்காது. மிச்சிகனில் 1960 ஜனவரி 1 அன்றோ அதற்குப் பிறகோ பிறந்தவர்களுக்கும், விஸ்கான்சினில் 1973 ஜனவரி 1 முதல் பிறந்தவர்களுக்கும், மினசோட்டாவில் 1979 டிசம்பர் 31க்குப் பிறகு பிறந்தவர்களுக்கும் அது தேவை.

எச்-1பி போன்ற தற்காலிக விசாவில் இருப்பவர்கள் இதைக் கவனமாகப் படியுங்கள். அவர்கள் துப்பாக்கி வைத்திருப்பதையே கூட்டாட்சிச் சட்டம் பொதுவாகத் தடுக்கிறது. ஏதாவது ஒரு மாநிலத்தின் செல்லுபடியாகும் வேட்டை உரிமம் கையில் இருந்தால் விலக்கு உண்டு. உரிமம் காலாவதியானால் அந்த விலக்கும் போய்விடும். நண்பரின் துப்பாக்கியைக் கடனாக வாங்கினாலும் இதே விதிதான். அதனால் முதலில் பயிற்சி, அடுத்து உரிமம், அதன் பிறகே துப்பாக்கி. உரிமம் பெற்ற கடையில் வாங்கும்போது 4473 என்ற படிவத்தை நிரப்ப வேண்டும், பின்னணிச் சோதனையும் நடக்கும்.

கடைக்குப் போகும்போது காட்டில் போடப் போகும் அதே மேல்சட்டையைக் கொண்டுபோங்கள். ஒரு அளவு நாடாவும், தொங்கவிட்டு எடை பார்க்கும் சிறிய தராசும் உதவும். துப்பாக்கியைக் கையில் வாங்கியதும், விற்பவர் திறந்து காட்டியிருந்தாலும், நீங்களும் ஒருமுறை திறந்து உள்ளே தோட்டா இல்லை என்று பார்த்துக்கொள்ளுங்கள். பிறகுதான் மற்றதெல்லாம்.

1. எப்படிப்பட்ட சுடுதலுக்கு இது என்று மனதில் பதியுங்கள்

ரஃப்டு கிரௌஸ் அரைக் கிலோவுக்குச் சற்று மேலே எடை வரும் பறவை. இளம் ஆஸ்பென் மரங்கள் நெருக்கமாக வளர்ந்த இடத்திலும் ஆல்டர் புதர்களின் ஓரத்திலும் இருக்கும். நீங்கள் நெருங்கும்வரை அசையாமல் உட்கார்ந்துவிட்டு, இடி உருண்டதுபோல் ஒரு சிறகோசையோடு எழும்பும். எழும்பிய வேகத்தில் உங்களுக்கும் தனக்கும் நடுவில் ஒரு மரத்தைப் போட்டுக்கொள்ளும்.

ஒரு நொடி, மிஞ்சினால் இரண்டு நொடி அது கண்ணில் படும். சுடும் தூரம் பெரும்பாலும் 15 முதல் 25 கஜம். 35 கஜத்துக்கு அப்பால் சுட வழி கிடைப்பது அரிது, அதற்குள் இலைகள் மறைத்துவிடும்.

குறிபார்க்க நேரமே இல்லை என்பதால், கண் பார்த்த இடத்துக்குத் துப்பாக்கி தானாகப் போக வேண்டும். அதனால்தான் பொருத்தம் முதலிடத்துக்கு வருகிறது. தூரம் குறைவு என்பதால் ரவைகள், அதாவது தோட்டாவுக்குள் இருக்கும் சிறு உலோகக் குண்டுகள், விரிந்து போக வேண்டும், அதனால் சோக் திறந்ததாக இருக்க வேண்டும். சுடுவது சில முறைதான், சுமப்பதோ நாள் முழுக்க. அதனால் எடை குறைவாக இருக்க வேண்டும். கீழே வரும் எல்லா முடிவுகளும் இந்த மூன்று காரணங்களிலிருந்துதான் வருகின்றன.

வாத்து வேட்டைக்கு வாங்கிய நீளக்குழல் துப்பாக்கியையே கிரௌஸ் காட்டுக்குத் தூக்கிவருவதைத்தான் நான் அதிகம் பார்க்கிறேன். எட்டு பவுண்டு எடை, இறுக்கமான சோக். மதியத்துக்குள் கை சோர்ந்துவிடும், துப்பாக்கி தோளில் தொங்கத் தொடங்கும். பறவையும் அப்போது பார்த்துத்தான் எழும்பும்.

2. உங்களை ஆளும் கண் எது என்று பாருங்கள்

இரண்டு கண்ணையும் திறந்து வைத்து, தூரத்தில் உள்ள ஒரு பொருளை விரலால் சுட்டுங்கள். ஒரு கண்ணை மூடுங்கள், பிறகு மற்றதை. எந்தக் கண் மட்டும் திறந்திருக்கும்போது விரல் அந்தப் பொருள் மீதே நிற்கிறதோ, அதுதான் ஆளும் கண்.

வலது தோளில் சுடுகிறவருக்கு இடது கண் ஆளுமானால், துப்பாக்கி எவ்வளவு நன்றாகப் பொருந்தினாலும் ரவைகள் இடப்பக்கம் விலகிப் போகும். இதைப் பணம் கொடுப்பதற்கு முன்பே தெரிந்துகொள்ள வேண்டும். புதிதாகத் தொடங்குபவர் என்றால் ஆளும் கண் இருக்கும் பக்கத் தோளுக்கே மாறிவிடுங்கள். பழக்கம் ஊறாத நிலையில் மாறுவது எளிது. பல வருடமாகச் சுடுகிறவர் என்றால், சுடும் கண்ணாடியில் ஆளும் கண்ணுக்கு நேராக ஒரு சிறு மங்கலான ஒட்டு வைப்பது நடைமுறை வழி.

3. உடம்புக்குப் பொருந்துகிறதா என்று பாருங்கள்

மற்ற எல்லாவற்றையும்விட இதற்கு அதிக நேரம் கொடுங்கள். ஷாட்கன்னில் பின்குறி கிடையாது. உங்கள் கண்தான் பின்குறி. துப்பாக்கியின் பின்பக்கக் கட்டையில் கன்னம் எங்கே படிகிறதோ, அதுவே கண்ணின் இடத்தைத் தீர்மானிக்கிறது. கன்னம் தவறான இடத்தில் படிந்தால் குறியும் தவறும்.

சோதனை இதுதான். வேட்டைச் சட்டையைப் போட்டுக்கொள்ளுங்கள். தோட்டா இல்லை என்று மறுபடி உறுதி செய்யுங்கள். சுவரில் கண் உயரத்தில் ஒரு புள்ளியைப் பாருங்கள். கண்ணை மூடிக்கொண்டு, பறவை எழும்பியதாக நினைத்து, துப்பாக்கியைக் கன்னத்துக்கும் தோளுக்கும் ஒரே அசைவில் கொண்டுவாருங்கள். இப்போது கண்ணைத் திறந்து, தலையை அசைக்காமல், என்ன தெரிகிறது என்று பாருங்கள்.

குழலின் மேலுள்ள பட்டை மெல்லிய கோடாகத் தெரிந்து, முனையில் குறியாக உள்ள சிறு உருண்டை மணி அந்தப் புள்ளியருகே நின்றால் நல்ல பொருத்தம். பட்டையின் நீளம் முழுவதும் மேலிருந்து பார்ப்பதுபோல் தெரிந்தால், கன்னம் படியும் மேல்விளிம்பு உங்களுக்கு உயரம், ரவைகள் மேலே போகும். ரிசீவரின் (குழலுக்குப் பின்னால் இயக்கம் உள்ள உலோகப் பகுதி) பின்பக்கம் மட்டும் தெரிந்தால் மேல்விளிம்பு தாழ்வு, ரவைகள் கீழே போகும். மணி பக்கவாட்டில் விலகித் தெரிந்தால், கட்டையை அந்தப் பக்கமோ இந்தப் பக்கமோ கொஞ்சம் வளைக்க வேண்டியிருக்கும். பத்துமுறை செய்து பாருங்கள். ஒருமுறை சரியாக வருவது தற்செயல்.

எழும்பும் பறவையைச் சுடுவதால், துப்பாக்கி சற்றே மேலே அடிப்பது இந்த வேட்டையில் உதவும். கீழே அடிப்பது ஒருபோதும் உதவாது.

அடுத்து கட்டையின் நீளம், அதாவது விசையிலிருந்து கட்டையின் அடிவரை உள்ள தூரம். கடைகளில் கிடைப்பவை பெரும்பாலும் 14¼ அங்குலத்தை ஒட்டியவை. உயரம் குறைவானவர்களுக்கு 13½ அங்குலம்கூடச் சரியாக இருக்கும். துப்பாக்கியைத் தோளில் வைத்தபோது, விசைக்கையின் கட்டைவிரல் முட்டிக்கும் மூக்குக்கும் நடுவில் இரண்டு விரல் இடைவெளி இருந்தால் போதும். நீளம் அதிகமானால் கட்டையின் அடி அக்குளருகே சட்டையில் சிக்கிக்கொள்ளும். அந்த ஒரு சிக்கலுக்குள் கிரௌஸ் போயே போய்விடும்.

கட்டையின் அடியை முழங்கை மடிப்பில் வைத்து, விரல் விசையை எட்டுகிறதா என்று பார்க்கும் வழக்கம் இன்னும் பல கடைகளில் இருக்கிறது. கழுத்து நீளம், தோள் அகலம், சட்டைத் தடிமன் எதையும் அது கணக்கில் எடுப்பதில்லை. அதை நம்பி வாங்காதீர்கள். மெல்லிய பனியனோடு கடையில் பார்த்துவிட்டு, அக்டோபர் குளிரில் தடித்த சட்டையோடு தடுமாறுவதும் இதே வகைத் தவறு. சந்தேகம் இருந்தால் கால் அங்குலம் குறைவாக இருப்பதே இந்த வேட்டைக்கு நல்லது.

சிறு குறைகளுக்காக நல்ல துப்பாக்கியை ஒதுக்க வேண்டாம். பல தானியங்கித் துப்பாக்கிகளோடு (ஒவ்வொரு முறை சுட்டதும் அடுத்த தோட்டாவைத் தானே ஏற்றுபவை) கட்டையின் கோணத்தை மாற்றும் சிறு தகடுகள் வரும். மேல்விளிம்பு தாழ்வாக இருந்தால் மெல்லிய ஒட்டுப்பட்டை ஒட்டி உயர்த்திப் பார்க்கலாம். கட்டையை வெட்டுவது மட்டும் கடைசி முடிவாக இருக்கட்டும், வெட்டியதை ஒட்ட முடியாது.

4. எடையையும் சமநிலையையும் பாருங்கள்

கடையில் ஐந்து நிமிடம் தூக்கிப் பார்த்தால் எல்லாத் துப்பாக்கியும் இலேசாகத்தான் இருக்கும். விற்பவர் சொல்லும் எடையை நம்பாமல் தராசில் தொங்கவிட்டுப் பாருங்கள். கிரௌஸுக்கு 6 பவுண்டை ஒட்டிய எடை, அதாவது சுமார் 2.7 கிலோ, நன்றாக இருக்கும். 7 பவுண்டைத் தாண்டினால் மாலையில் கை சொல்லிவிடும்.

எவ்வளவு குறைக்கலாம்? துப்பாக்கி தயாரிப்பவர்கள் வெகுகாலமாகப் பின்பற்றும் ஒரு கணக்கு உண்டு: தோட்டாவில் உள்ள ரவையின் எடையைப்போல் 96 மடங்கு துப்பாக்கி இருக்க வேண்டும். 1 அவுன்ஸ் ரவைக்கு 96 அவுன்ஸ், அதாவது 6 பவுண்டு. ⅞ அவுன்ஸுக்கு 5¼ பவுண்டு. 1⅛ அவுன்ஸுக்கு 6¾ பவுண்டு. இதற்குக் கீழே போனால் பின்னுதை கடுமையாகி, அடுத்த முறை சுடும்போது உடம்பு தானாகவே நடுங்கும். எடை குறைந்த துப்பாக்கியை வாங்கி அதில் கனத்த தோட்டாவைப் போடுகிறவர்கள் இந்த இடத்தில்தான் மாட்டிக்கொள்கிறார்கள்.

எடை எங்கே இருக்கிறது என்பதும் முக்கியம். இரட்டைக்குழல் என்றால், குழல் மடங்கும் கீல்முனையை ஒரு விரலில் தாங்கிப் பாருங்கள். அங்கேயோ அதற்குச் சற்று முன்னேயோ துப்பாக்கி சமமாக நின்றால் நல்லது. முனை மிக இலேசாக இருந்தால் துப்பாக்கி வேகமாகத் திரும்பும், ஆனால் பாதியில் நின்றுவிடும். பறவைக்குப் பின்னால் சுடுவதற்கு அது ஒரு முக்கியக் காரணம்.

5. எந்த வகை இயக்கம் என்று முடிவெடுங்கள்

என் விருப்பத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: இரட்டைக்குழல். பக்கத்தில் பக்கமோ மேலும் கீழுமோ, எது கண்ணுக்குப் பொருந்துகிறதோ அது.

காரணங்கள் மூன்று. முதலாவது, இரண்டு குழலுக்கு இரண்டு சோக் வைக்கலாம். அருகில் எழும்பும் பறவைக்குத் திறந்தது, தப்பித்து ஓடும் பறவைக்குச் சற்று இறுக்கமானது. இரண்டாவது, நீண்ட ரிசீவர் இல்லாததால், அதே குழல் நீளமுள்ள பம்ப் துப்பாக்கியைவிட (முன்கைப்பிடியை இழுத்துத் தள்ளித் தோட்டா ஏற்றும் வகை) மூன்று நான்கு அங்குலம் குட்டையாக இருக்கும். நெருக்கமான மரங்களுக்குள் அது பெரிய வித்தியாசம். மூன்றாவதுதான் எனக்கு முதன்மையானது: மடக்கித் திறந்தால் உள்ளே ஒன்றும் இல்லை என்பது கூட வருபவர்கள் எல்லோருக்கும் தெரியும். விழுந்த மரத்தைத் தாண்டும்போதும், வேலியைக் கடக்கும்போதும், நாய்க்குத் தண்ணீர் கொடுக்கும்போதும் அந்த நிம்மதி கிடைக்கும்.

பம்ப் துப்பாக்கி சில நூறு டாலருக்குப் பழையதாகக் கிடைக்கும், உழைக்கும். ரெமிங்டன் 870 வகை 1950 முதல் வருவதால் உதிரிப்பாகங்களுக்குப் பஞ்சமில்லை. 1937இல் வந்த இதாக்கா 37 இலேசானது, காலித் தோட்டாவைக் கீழ்நோக்கித் தள்ளும். இடது தோளில் சுடுகிறவர்களுக்கு முகத்துக்குக் குறுக்கே தோட்டா பறக்காது என்பதால் அதை ஒருமுறை கையில் எடுத்துப் பாருங்கள்.

தானியங்கி வகையில் பின்னுதை குறைவு. தோள் வலி உள்ளவர்களுக்கு அதுதான் சரி. கடுங்குளிரில் எண்ணெய் கெட்டியாகி இயக்கம் சோம்பும், அதனால் எண்ணெயை மிகக் குறைவாகப் போடுங்கள்.

கிரௌஸ் காட்டிலேயே உட்காக் பறவையும் கிடைக்கும், பலர் இரண்டையும் சேர்த்தே வேட்டையாடுவார்கள். உட்காக் இடம்பெயரும் பறவை என்பதால் கூட்டாட்சி விதி பொருந்தும்: துப்பாக்கியில் மொத்தம் மூன்று தோட்டாவுக்கு மேல் ஏறக்கூடாது. பம்ப், தானியங்கி இரண்டிலும் தோட்டாக்குழாய்க்குள் அடைப்புக்கட்டை இருக்கிறதா என்று பாருங்கள். பழைய துப்பாக்கி வாங்கும்போது அதை முந்தைய உரிமையாளர் கழற்றியிருக்கலாம்.

சேஃப்டி, அதாவது விசையைப் பூட்டும் பொத்தான், எங்கே இருக்கிறது என்பதையும் கவனியுங்கள். கட்டைவிரலுக்குக் கீழே, ரிசீவரின் மேல்பக்கம் இருப்பது இரு கைக்காரர்களுக்கும் ஏற்றது. விசையருகே குறுக்காகத் தள்ளும் வகை பெரும்பாலும் வலக்கைக்கு ஏற்றபடி வரும். கையுறையோடு தள்ளிப் பார்த்துவிட்டு முடிவெடுங்கள்.

6. இப்போது கேஜ்

கேஜ் எண் பெரிதானால் குழலின் விட்டம் சிறிதாகும். 12 கேஜ் சுமார் 18.5 மில்லிமீட்டர், 20 கேஜ் 15.6, 28 கேஜ் 14.

20 கேஜ் வாங்கினால் ரவை வேகம் குறையும், பறவை விழாது என்று பலர் பயப்படுகிறார்கள். வேகம் ஏறக்குறைய ஒன்றுதான், எண்ணிக்கைதான் மாறுகிறது. 8ஆம் எண் ரவை (எண் ரவையின் அளவைக் குறிக்கும்) அவுன்ஸுக்குச் சுமார் 410 வரும். 12 கேஜில் 1 அவுன்ஸ் போட்டால் 410, 20 கேஜில் ⅞ அவுன்ஸ் போட்டால் 360 அளவு, 28 கேஜில் ¾ அவுன்ஸ் போட்டால் 300ஐச் சற்றுத் தாண்டும். இருபது கஜத்தில் எழும்பும் கிரௌஸுக்கு இந்த மூன்றுமே போதும்.

அதனால் பொருத்தமும் எடையும் சரியாக அமைந்த துப்பாக்கி எந்த கேஜோ அதையே எடுங்கள். இரண்டும் சமமாக இருந்தால் 20. இலேசான துப்பாக்கி, எங்கும் கிடைக்கும் தோட்டா. ஏற்கெனவே இலேசான 12 கேஜ் இருந்தால் மாற்ற வேண்டியதில்லை, 1 அவுன்ஸ் தோட்டா போடுங்கள். 16 கேஜ் அருமையான துப்பாக்கி, ஆனால் தோட்டாவைத் தேடிச் சேர்த்துவைக்க வேண்டும். இவற்றிலேயே மிகச் சிறிய குழலான 410 போர் தொடங்குபவருக்கு வேண்டாம். சிறியது என்பதால் எளிது என்று நினைத்துப் பிள்ளைகளுக்கு வாங்கிக் கொடுக்கிறார்கள். ரவை மிகக் குறைவு என்பதால் அது அனுபவசாலியின் கருவி.

வீட்டில் 12, 20 இரண்டும் இருந்தால், தோட்டாக்களை ஒரே பையில் ஒருபோதும் போடாதீர்கள். 20 கேஜ் தோட்டா 12 கேஜ் குழலுக்குள் வழுக்கிப் போய்ச் சற்று முன்னே சிக்கிக்கொள்ளும். குழல் காலி என்று நினைத்து அதன் பின்னால் 12 கேஜ் தோட்டாவைப் போட்டுச் சுட்டால் குழல் வெடிக்கும், கை போகும். 20 கேஜ் தோட்டாக்களை மஞ்சள் நிறத்தில் செய்வது இதற்காகத்தான். சட்டையின் பழைய பைகளையும் சீசன் தொடங்குவதற்கு முன் காலி செய்து பாருங்கள்.

7. குழல் நீளம்

26 அல்லது 28 அங்குலம். இரட்டைக்குழலில் 28 இருந்தாலும் மொத்த நீளம் சிறியதுதான், சுழற்றும்போது நிதானமாகவும் இருக்கும். பம்பிலும் தானியங்கியிலும் 26 போதும். பழைய குழலை வீட்டிலேயே வெட்டிக் குட்டையாக்க நினைக்க வேண்டாம். சோக் போய்விடும். 18 அங்குலத்துக்குக் கீழே போனால் கூட்டாட்சிச் சட்டத்தில் பெரிய குற்றமும் ஆகும்.

8. சோக்கும் தோட்டாவும்

சோக் என்பது குழல் முனையில் உள்ள சிறு குறுக்கம். குறுக்கம் கூடினால் ரவைகள் சேர்ந்து போகும், குறைந்தால் விரியும். இறுக்கம் கூடும் வரிசை: சிலிண்டர், ஸ்கீட், இம்ப்ரூவ்டு சிலிண்டர், மாடிஃபைடு, ஃபுல். 20 கஜத்தில், குறுக்கமே இல்லாத சிலிண்டர் குழலின் ரவைகள் சுமார் 32 அங்குல வட்டமாக விரியும். ஃபுல் சோக்கில் அது 16 அங்குலம்தான். விட்டம் பாதி என்றால் பரப்பு கால் பங்கு.

இதன் பொருள் இரண்டு. இறுக்கமான சோக்கில் பறவையைத் தவறவிடும் வாய்ப்பு பல மடங்கு கூடும். தப்பித்தவறி நடுவில் பட்டால், உண்ண எதுவும் மிஞ்சாது. இரண்டுமே வேண்டாம்.

இரட்டைக்குழலில் முதல் குழலுக்கு சிலிண்டர் அல்லது ஸ்கீட், இரண்டாவதற்கு இம்ப்ரூவ்டு சிலிண்டர். ஒற்றைக்குழலில் சீசன் முழுக்க ஸ்கீட் அல்லது இம்ப்ரூவ்டு சிலிண்டர். இலை உதிர்ந்த நவம்பரில் பறவைகள் தூரத்திலேயே எழும்பும், அப்போது இரண்டாவது குழலுக்கு மாடிஃபைடு போடலாம். அதற்கு மேல் இறுக்க ஒரு காரணமும் எனக்குத் தெரிந்து இல்லை.

கழற்றி மாட்டும் சோக் குழாய் இருந்தால், அதை மாட்டாமல் ஒருபோதும் சுடாதீர்கள், உள்ளே இருக்கும் மரை கெட்டுவிடும். சுடச்சுட அது தளரும் என்பதால், ஓய்வெடுக்க உட்காரும்போதெல்லாம் தோட்டாவை எடுத்துவிட்டு விரலால் இறுக்கிப் பாருங்கள்.

தோட்டாவுக்கு, இலை அடர்ந்த செப்டம்பரில் 8ஆம் எண், அதன் பிறகு 7½. பனி விழுந்த பிறகு 6 போடுகிறவர்களும் உண்டு. எண் பெரிதானால் ரவை சிறிது என்பது நினைவிருக்கட்டும். வாத்துக்கான கனத்த மேக்னம் தோட்டாக்களைக் கிரௌஸுக்கு வாங்க வேண்டாம், இலேசான துப்பாக்கியில் அவை தோளைத்தான் அடிக்கும்.

மினசோட்டா போன்ற இடங்களில் உள்ள கூட்டாட்சி நீர்ப்பறவை உற்பத்திப் பகுதிகளில் ஈய ரவைக்கு அனுமதி இல்லை. அங்கே ஸ்டீல் போட்டால், ஈயத்தைவிட இரண்டு எண் பெரிய ரவையாக எடுங்கள். ஸ்டீல் இலேசானது, சீக்கிரம் வேகம் இழக்கும். ஸ்டீல் ரவைக்கென்று செய்யப்படாத பழைய குழலில் அதைப் போடாதீர்கள்.

9. பழைய துப்பாக்கி என்றால் இவற்றைச் சோதியுங்கள்

குழல்களைக் கழற்றி வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்து உள்ளே பாருங்கள். நிழல் வளையங்கள் கோணலாக உடைந்து தெரிந்தால் உள்வாங்கிய இடம் இருக்கிறது. பிறகு குழலுக்கு அடியில் கை பிடிக்கும் முன்கட்டையைக் கழற்றிவிட்டு, குழலை மூடிய நிலையில் பக்கவாட்டில் அசைத்துப் பாருங்கள். முன்கட்டை மாட்டியிருந்தால் அதன் வில் இறுக்கம் தளர்வை மறைத்துவிடும். விற்பவர் கழற்ற விடாவிட்டால் நகர்ந்துவிடுங்கள்.

இரண்டாம் உலகப் போருக்கு முந்தைய அமெரிக்க 16 கேஜ் துப்பாக்கிகள் பலவற்றில் தோட்டா அறை 2⁹⁄₁₆ அங்குலம்தான். இன்றைய தோட்டா 2¾ அங்குலம். அது உள்ளே போகும், ஆனால் விரிய இடமின்றி அழுத்தம் ஏறும். முறுக்கிய கோடுகள் தெரியும் டமாஸ்கஸ் குழல்களில் இன்றைய தோட்டாவைப் போடவே கூடாது. பழைய இரட்டைக்குழல் எதையும், சுடுவதற்கு முன் ஒரு துப்பாக்கிப் பழுதுபார்ப்பவரிடம் காட்டி அறையை அளக்கச் சொல்லுங்கள். அந்தச் செலவை விலையோடு சேர்த்தே கணக்கிடுங்கள்.

10. காகிதத்தில் சுட்டுப் பாருங்கள்

வாங்கியதும் நேராகக் காட்டுக்குப் போகாதீர்கள். மூன்றடிக்கு மேல் அகலமுள்ள பெரிய காகிதத்தின் நடுவில் ஒரு புள்ளி வைத்து, 16 கஜத்தில் நின்று, குறிபார்க்காமல், பறவைக்குச் சுடுவதுபோல் தூக்கியதும் சுடுங்கள். ஒரே காகிதத்தில் ஐந்து முறை. மெதுவாகக் குறிபார்த்துச் சுட்டால் கட்டையின் குறையை உங்கள் கண் திருத்திவிடும், சோதனை வீணாகிவிடும்.

ரவைக் கூட்டத்தின் நடு எங்கே இருக்கிறது என்று பாருங்கள். 16 கஜத்தில் ஒரு அங்குல விலகல் என்றால், கட்டையில் ¹⁄₁₆ அங்குலம் திருத்த வேண்டும். நான்கு அங்குலம் கீழே அடித்தால், கன்னம் படியும் இடத்தைக் கால் அங்குலம் உயர்த்த வேண்டும். 16 கஜத்தைத் தேர்ந்ததற்குக் காரணமே இந்த எளிய கணக்குதான்.

அடுத்து 20 கஜத்தில், நீங்கள் வாங்கிய தோட்டாவை ஒவ்வொரு சோக்கிலும் தனித்தனிக் காகிதத்தில் சுடுங்கள். சோக்கில் பொறித்திருக்கும் பெயரும் காகிதம் காட்டுவதும் ஒன்றாக இருக்க வேண்டும் என்பதில்லை. காகிதத்தை நம்புங்கள்.

11. காட்டுக்கு முன் வீட்டிலும் மைதானத்திலும்

சீசனுக்கு ஒரு மாதம் முன்பிருந்து, தினமும் பத்து நிமிடம் காலித் துப்பாக்கியைத் தூக்கிப் பழகுங்கள். இரண்டு கையிலும் பிடித்து, முனை சற்று மேல்நோக்கி, கண்ணை ஒரு புள்ளியில் வைத்து, முன்கால் வைத்து, கன்னத்துக்குக் கொண்டுவாருங்கள். துப்பாக்கி கன்னத்துக்கு வர வேண்டும், தலை குனிந்து துப்பாக்கியைத் தேடிப் போகக்கூடாது. சேஃப்டி அந்த அசைவின் நடுவில்தான் விலக வேண்டும்.

அப்புறம் ஸ்கீட் மைதானம், அதாவது வீசப்படும் களிமண் தட்டுகளைச் சுட்டுப் பழகும் இடம். துப்பாக்கியைத் தோளில் வைத்தபடி இலக்கைக் கூப்பிடுவது மதிப்பெண்ணுக்கு நல்லது, கிரௌஸுக்குப் பயனில்லை. இடுப்புக்குச் சற்று மேலே பிடித்துக்கொண்டு தொடங்குங்கள். முதல் நாளில் மதிப்பெண் பாதியாகும், பரவாயில்லை.

12. முதல் சீசனில்

துப்பாக்கிக்குத் தோள்வார் போடாதீர்கள். தொங்கும் துப்பாக்கியோடு கிரௌஸைச் சுட்டவர் யாரும் இல்லை. ஆரஞ்சுச் சட்டையும் தொப்பியும் போடுங்கள், மினசோட்டா உட்படப் பல மாநிலங்களில் ஏதாவதொரு அளவில் அது கட்டாயம். கூட வந்தவரின் ஆரஞ்சு கண்ணில் படாமல், அவர் எங்கே என்று தெரியாமல், எந்தத் திசையிலும் சுடவே வேண்டாம். தாழப் பறக்கும் பறவையை, நாய் அருகே இருக்கும்போது விட்டுவிடுங்கள்.

விழுந்து எழுந்தால், உடனே தோட்டாவை எடுத்துவிட்டுக் குழலுக்குள் சேறோ பனியோ அடைத்திருக்கிறதா என்று பாருங்கள். அடைப்போடு சுட்டால் முனை பிளக்கும்.

சட்டைப் பையில் ஒரு சிறு நோட்டு வைத்திருங்கள். சுட்ட ஒவ்வொரு முறையும் நின்ற இடத்திலிருந்து இறகு கிடந்த இடம்வரை காலடியில் அளந்து எழுதுங்கள். தவறியதையும் எழுதுங்கள்: எந்தப் பக்கம் போன பறவை, துப்பாக்கி சட்டையில் சிக்கியதா, சேஃப்டி விலகவில்லையா. முப்பது நாற்பது கஜத்தில் சுட்டதாக நினைத்த இடம் பதினெட்டுக் காலடியில் முடிந்துவிடுவதைப் பார்ப்பீர்கள். கட்டையை வெட்டுவது, சோக்கை மாற்றுவது, துப்பாக்கியையே விற்பது எல்லாவற்றையும் அந்த நோட்டு நிறைந்த பிறகு முடிவு செய்யுங்கள்.